படித்தது ஒன்று, பார்த்த வேலை வேறு

புள்ளியியலில் பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கிடைத்தது வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கும் வேலை. பள்ளிப் படிப்பே போதும் அதற்கு. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குப் பெரிய சிக்கல் நேரம்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்தால் கண் சொருகும். அதனால் தேடலை ஷிஃப்ட்டுக்கு முந்தைய நேரத்துக்கு மாற்றினேன்.

கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் தட்டுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தேன். டேட்டா அனலிஸ்ட் விளம்பரங்களாகச் சேர்த்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்தேன். எக்செல், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் கணினி மொழி), அறிக்கை தயாரித்தல். கூடவே, எண்களைப் பழக்கமில்லாதவர்களுக்குப் புரியவைத்தல். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் தினமும் செய்துகொண்டிருந்தேன், அதுவும் பில்லைப் பார்த்துக் கொதித்துப்போய் அழைப்பவர்களிடம்!

பிறகுதான் அந்த வேலையை வேறு கண்ணோடு பார்த்தேன். டீம் லீடரிடம் அனுமதி வாங்கி, பெயர், போன் நம்பரையெல்லாம் நீக்கிவிட்டு, வந்த புகார்களை வகை பிரித்தேன். ஒரே ஆள் ஒரே விஷயத்துக்காக மறுபடி அழைப்பது எந்த வகையில் அதிகம்? பணம் திரும்பி வருவதில். 'அனுப்பிவிட்டோம்' என்று குறுஞ்செய்தி போகிறது. எப்போது கணக்கில் ஏறும் என்று அதில் இல்லை. ஒரே பக்கத்தில், ஒரு வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தேன். குறுஞ்செய்தியை மாற்றினார்கள், மறு அழைப்புகள் குறைந்தன. ரெஸ்யூமேயில் பட்டத்துக்கும் மேலே இதை வைத்தேன். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தரவை வைத்துச் செய்த ப்ராஜெக்ட் எல்லோரிடமும் இருக்கிறது.

ரெஸ்யூமேயின் அலங்காரத்தையும் கழற்றினேன். பல நிறுவனங்களில் அதை முதலில் வாசிப்பது மென்பொருள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வடிவமும் கட்டங்களும் அதைக் குழப்பக்கூடும்.

அடுத்தது ஆட்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவைதான்; புதுச் செய்தி தூரத்துப் பழக்கங்கள் வழியாக வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து, 2022-ல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது: ஓரளவு தெரிந்தவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் கைகூடுகிறது. கல்லூரியில் எப்போதாவது பேசிய சீனியர்களுக்கு எழுதினேன். "வேலை இருக்கா அண்ணா?" என்று கேட்டால் பாவம், அவர்தான் சங்கடப்படுவார். "உங்க டீம்ல புதுசா சேர்றவங்க முதல்ல என்ன வேலை பார்ப்பாங்க?" என்று கேட்டேன். பலர் பதிலே போடவில்லை. பேசியவர்களில் ஒருவர், பிறகு தன் டீமில் இடம் காலியானபோது தானாகவே என் ரெஸ்யூமேயைக் கேட்டு வாங்கினார்.

இன்டர்வியூவில் "இதைப் படிச்சிட்டு ஏன் அங்க இருக்கீங்க?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். குடும்பச் சூழ்நிலையை ஒரே வரியில் முடித்துவிட்டு, புகார் ஆய்வுக்குப் போய்விட்டேன். மீதி நேரமெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. சம்பளம் என்று வந்தபோது, வாங்கிக்கொண்டிருந்ததை அளவுகோலாக்காமல், அந்தப் பதவிக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்த தொகையைச் சொன்னேன். கொஞ்சம் குறைத்தார்கள், ஒப்புக்கொண்டேன். ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தேன்.