ஆறவைக்கும் சூளையின் பக்கம்

பிரோசாபாத்தில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஊதுவதைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். அது நியாயமான ஆசைதான். ஆனால் ஊதி முடித்த பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் வேலை முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் ஊழியர் குடும்பங்களை உள்ளே அழைத்துப்போக ஒரு நாள் அனுமதி கொடுத்தார்கள். மதுரையிலிருந்து அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். முதல் நாள் ஆக்ராவில் தாஜ்மகால், மறுநாள் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பிரோசாபாத். இரண்டு ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நிலக்கரிப் புகையின் கந்தகம் தாஜின் பளிங்கைக் கெடுக்கிறது என்ற வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வட்டாரத்து ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடம்பெயர வேண்டும். எங்கள் சூளையும் எரிவாயுவில்தான் எரிகிறது. இதைச் சொன்னதும் அம்மா, "நேத்துப் பார்த்த வெள்ளைக் கல்லுக்காகவா இதெல்லாம்?" என்று கேட்டு, சூளையைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தாள்.

மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல், கூடவே உடைந்த கண்ணாடி. இவை 1,400 டிகிரிக்கு மேல் உருகுகின்றன. மணல் மட்டும் என்றால் 1,700 டிகிரி வேண்டும். சோடா அதைக் குறைக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையத் தொடங்கிவிடும். அன்று கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி ஓடிக்கொண்டிருந்தது. உஸ்தாத், அதாவது ஊதும் மூத்த கைவினைஞர், இரும்புக் குழலின் நுனியில் எடுத்த உருண்டையோ ஆரஞ்சாக ஒளிர்ந்தது. "நீலம் எங்கப்பா?" என்று மகன் கேட்டான். ஆறினால்தான் தெரியும் என்றேன்.

குழலை ஒரு நொடிகூட நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் உருண்டை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். இரும்புப் பலகையில் உருட்டல், ஒரு சின்ன ஊதல், மறுபடி சூடு, அப்புறம் அச்சுக்குள் இறக்கி ஒரு நீண்ட ஊதல். பூச்சாடி வந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். உஸ்தாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த உருண்டை காத்திருந்தது.

சரி, இனி என் பக்கம் என்று அழைத்துப்போனேன். பார்க்க ஒன்றுமே இல்லாத இடம் அது. நீளமான ஒரு கூடு, அதுதான் ஆறவைக்கும் சூளை, உள்ளே மெதுவாக நகரும் கம்பி வலைப்பட்டை. ஒரு முனையில் 550 டிகிரி அளவில் சாடி நுழைகிறது, மறுமுனையில் கையால் தொடும் சூட்டில் வெளியே வருகிறது. வெளியே வைத்து ஆறவிட்டால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்பகுதி சுருங்கப் பார்க்கும், இறுகிய தோல் விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட சாடி அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில நாள் கழித்து, யாரும் தொடாமலே நடு இரவில் விண்டு போகும். தடிமன் இரு மடங்கானால் ஆறவைக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இதைச் சுருக்க வழியில்லை. உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிருந்து கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைக் காட்டித்தான் நான் மல்லுக்கட்டுகிறேன்.

மேசைமேல் இருந்த கருவியின் விளக்கைப் போட்டேன். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவத் தகடுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக, நடுவில் இருட்டு. நன்றாக ஆறிய சாடியை இடையில் வைத்தால் இருட்டு இருட்டாகவே இருந்தது. நான் வேண்டுமென்றே வெளியில் ஆறவிட்டிருந்த தடித்த துண்டு ஒன்றை வைத்ததும் வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாகப் பட்டைகள் எழுந்தன. உள்ளே தங்கிய இழுபறிதான் அப்படித் தெரிகிறது. மகள் வாயடைத்து நின்றாள். மனைவிதான் முதலில் பேசினாள்: "ஏங்க, இத்தனை வருஷமா நீங்க பார்க்கறது இதைத்தானா? ஃபோன்ல சொல்லும்போது எனக்கு ஒண்ணும் புரியலை." அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளைகளுக்காக ஊதிய சாடி மாலைவரை ஆறவைக்கும் சூளைக்குள்ளேயே இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாதியில் எடுத்துத் தரச் சொல்லி மகன் அழுதும் எடுக்கவில்லை, அடுத்த விடுப்பில் கொண்டுவருவதாகச் சொன்னேன்.

ஸ்டேஷனுக்குக் காரில் போகும்போது, மகள் என் துருவக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் போன காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா, புள்ளி புள்ளியா இருக்கு! இதைச் சரியா ஆறவைக்கலையா?" அது வேண்டுமென்றே செய்வது. சூடாக இருக்கும்போது காற்றை வேகமாக ஊதி மேல்தோலை இறுக்குகிறார்கள். அந்த இறுக்கம் ஒழுங்காகப் பரவியிருப்பதால் பலம் கூடுகிறது. உடைந்தாலும் பெரிய கூரான சில்லாக இல்லாமல் பொடிப்பொடியாக உதிரும். அப்படியானால் உள்ளே இழுபறி இருப்பது நல்லதா கெட்டதா என்று அவள் விடாமல் கேட்டாள். ஸ்டேஷன் வரும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு போனோம்.