வலக்கண்ணுக்கு இரண்டு மணி நேரம்

மகளுக்கு ஆறு வயது ஆகும்வரை அவளுடைய வலக்கண் சரியாகப் பார்ப்பதில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடக்கண்ணை மறைத்ததும் அந்தக் கையைத் தட்டிவிட்டாளாம். துண்டுச்சீட்டு வீட்டுக்கு வந்தது. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நானும் ஒரு சோதனை வைத்தேன். காலண்டர் தேதியை இடக்கண்ணால் கடகடவென்று படித்தவள், வலக்கண்ணால் பார்த்து, "ஏதோ சிவப்பா இருக்குப்பா" என்றாள்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு பவர் பார்த்தார்கள். இடக்கண்ணுக்கு பிளஸ் ஒன்று. வலக்கண்ணுக்கு பிளஸ் நாலரை. பிளஸ் கூடக்கூட, தெளிவாகப் பார்க்கக் கண் அதிகம் குவிய வேண்டும். நோயின் பெயர் ஆம்ப்லியோபியா, சோம்பேறிக் கண் என்பார்கள். கண்ணில் வேறு கோளாறு எதுவும் இல்லை, பார்க்கப் பழகாதது மூளைதான் என்றார் டாக்டர். நம் இரண்டு கண்களும் எப்போதும் ஒரே அளவுதான் குவியும். எந்தக் கண்ணுக்குக் குறைந்த முயற்சி போதுமோ அதற்கேற்ப மூளை குவித்துக்கொள்ளும். ஆக, வலக்கண்ணிலிருந்து இத்தனை வருடமும் மங்கலான படம்தான் போயிருக்கிறது. பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணியில்தான், அதாவது பார்வையைக் கவனிக்கிற மூளையின் மேலடுக்கில்தான், இரண்டு கண்களின் தகவலும் முதன்முதலாக ஒன்றுசேர்கின்றன. அங்கே இடத்துக்குப் போட்டி உண்டு. மங்கல் படம் அனுப்புகிற கண் தோற்றுப்போகும்.

அன்று இரவு தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1960களில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் இமையைத் தைத்து மூடிவைத்தார்கள். பிறகு பிரித்தால் கண் நன்றாகவே இருந்தது. ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் தருகிற செல்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது அப்படி ஆகவில்லை. 1981-ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலாக அது அழகுதான். நடுராத்திரியில் ஒரு அப்பனாகப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

முதல் மூன்று மாதம் வெறும் கண்ணாடி. அதிலேயே வலக்கண் பார்வை 6/36 என்பது 6/24 ஆனது; மற்றவர்கள் 36 மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில் படிப்பதுதான் 6/36, கீழ் எண் குறையக்குறைய நல்லது. அதன்பின் நல்ல கண்ணின்மேல் பேட்ச், தினமும் இரண்டு மணி நேரம். நாள் முழுக்க ஒட்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். இவள் அளவிலான குறைக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தருகின்றன என்று 2003-ல் வெளியான அமெரிக்கச் சோதனையைச் சொன்னார் டாக்டர்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "இருக்கிற நல்ல கண்ணையும் ஏண்டா மூடிக் கெடுக்கிற?" என்றாள். கிராமத்துப் பயம் என்று நினைத்து டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண் இறங்குவது உண்டு, அதற்காகத்தான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் பார்க்கிறோம் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவளுக்கு ஒரு வாரம் அந்தப் பெருமை இருந்தது.

பேட்ச் போட்ட முதல் ஆறு வாரத்தில் சோதனை அட்டையில் ஒரு வரிகூட ஏறவில்லை. "பேட்ச் போட்டிருக்கும்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்டார் டாக்டர். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ஆபீசிலிருந்து வந்து எட்டு மணிக்கு ஒட்டுவேன், அவள் ஒன்பதுக்குத் தூங்கிவிடுவாள். மீதி ஒரு மணி நேரம் மூடிய கண்ணுக்குமேல் பேட்ச். விழித்திருக்கும் நேரத்திலும் மூக்கோரமாகப் பிரித்து நல்ல கண்ணால் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

சரி, நேரத்தை மாலை நாலரைக்கு மாற்றினோம். பொறுப்பு அம்மாவிடம் போனது. அம்மா முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னாள். அது அலுத்ததும் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வார இதழ்களை எடுத்துக் கொடுத்து, 'ழ' எங்கெல்லாம் இருக்கிறதோ வட்டம் போடச் சொன்னாள். ஒரு ழ-வுக்கு ஒரு கடலைமிட்டாய் என்று தொடங்கி, பல்லை நினைத்துப் பத்துக்கு ஒன்று என்று ஆக்கினாள். ஆரம்பத்தில் தலைப்புகளில் மட்டும் வட்டம் விழுந்தது. ஏப்ரலில் துணைத்தலைப்புகளுக்கு இறங்கினாள். அந்த இதழ்களே எனக்குக் கண் சோதனை அட்டை ஆகிவிட்டன. அருகில் பார்க்கும் வேலைதான் உசத்தி என்பது சோதனைகளில் நிரூபணமாகவில்லை என்று பின்னால் படித்தேன். இருக்கட்டும், எங்கள் வீட்டில் அவளை உட்கார வைத்தது அதுதான்.

மே மாத டெல்லி வெயிலில் வியர்வைக்குப் பேட்ச் நிற்காது. பூங்காவில் ஒரு பையன் 'கானி' என்றான், ஒற்றைக்கண்ணி என்று அர்த்தம். இரண்டு நாள் கீழே இறங்க மறுத்தாள். அப்புறம் பேட்சின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய கண் வரைந்துகொண்டு அவளாகவே போனாள்.

ஜூலையில் ஏழு வயது முடிகிறது. ஏழு தாண்டினால் அவ்வளவுதான், மூளை இறுகிவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சொல்லிவைத்தார். எனக்குப் பூனைக்குட்டி ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் வேறு மாதிரி சொன்னார்: சின்ன வயதில் சுலபம் என்பது உண்மை, ஆனால் அது சட்டென்று சாத்தப்படுகிற கதவு அல்ல. 2005-ல் வெளியான ஒரு சோதனையில் ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளில் சிகிச்சை பெற்ற பாதிப் பேருக்குமேல் தேறியிருக்கிறார்கள். இதே ஊரில் தரியாகஞ்சில் இருக்கும் ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டம் பிறவிக் கண்புரையால் பார்வையே இல்லாத பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை ஏற்பாடு செய்கிறது. எட்டு வயதுக்குப் பிறகு கண் திறந்தவர்கள்கூட உருவங்களை இனம்காணக் கற்றிருக்கிறார்கள். அதன்பிறகு எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பேட்ச் தொடங்கிய பதினோராம் மாதம் வலக்கண் 6/9. அன்று ஈப் படத்தையும் காட்டினார்கள். தனிக் கண்ணாடி வழியாக இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் ஈயின் இறக்கை தாளைவிட்டு எழும்பி நிற்கும். முதல் தடவை அவள் விரலைத் தாளில் வைத்து, "படம்தானே" என்றிருந்தாள். இந்தத் தடவை தாளுக்கு மேலே காற்றில் இறக்கையைக் கிள்ளப் போய், "சீ" என்று கையை இழுத்துக்கொண்டாள். அடுத்திருந்த ஒன்பது வட்ட வரிசைகளில், ஒவ்வொன்றிலும் எழும்பி நிற்கிற ஒரு வட்டத்தைக் காட்ட வேண்டும்; நாலுதான் பிடிபட்டது.

நிறுத்தினால் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குமாம். அதனால் இப்போதைக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்திருக்கிறார்கள். ழ சுலபமாகிவிட்டது என்று அம்மா ஞ-வுக்கு மாற்றிவிட்டாள். பத்துக்கு ஒன்று என்ற கணக்கு அநியாயம் என்று சண்டை நடக்கிறது.