அந்தக் கொலையை எடுத்துவிடாதீர்கள் என்றேன்

வரலாற்று நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, அதில் வரும் தகவல்கள் சரியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருப்பது டப்ளினில் என்பதால் அயர்லாந்துக் கதைகள்தான் அதிகம் வரும். பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். 1580களில் நடக்கும் விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறியிருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் மோரும் வைக்கச் சொல்வேன். குலத்துக்கு ஒரு கட்டம் என்று பாவாடை கட்டிய வீரர்கள் வந்தால், மஞ்சள் சாயம் தோய்த்த நீளமான லினன் சட்டையும் மேலே கம்பளிப் போர்வையும் போட்டுவிடச் சொல்வேன். கடிதத்தில் தேதி இருந்தால் யார் எழுதியது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியிலும் ஸ்பெயின்காரர்கள் புதிய நாட்காட்டியிலும் இருந்தார்கள், கின்சேல் போர் ஒருவருக்கு 1601 டிசம்பர் 24, இன்னொருவருக்கு 1602 ஜனவரி 3. இதெல்லாம் ஒரு வரியில் முடிகிற வேலை.

கஷ்டமானது வேறு ஒன்று. கதாநாயகியின் மனசு அந்தக் காலத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. அதை எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தது ஃபினோலா மெக்டொனால்டைப் பற்றிய ஒரு நாவல். இனீன் டுவ் என்று ஊரும் ஏடும் அழைத்தது இவளைத்தான். சிவந்த ஹ்யூ என்று அயர்லாந்தே கொண்டாடும் ஹ்யூ ஓ'டோனலின் அம்மா.

எழுதியவர் அனுபவசாலி, நல்ல எழுத்து, கடலையும் குளிரையும் அவர் எழுதினால் நமக்கே விறைக்கும். ஆனால் முதல் வரைவில் இனீன் டுவ் போரை வெறுக்கிற, தன் விருப்பப்படி வாழத் துடிக்கிற ஒரு பெண்ணாக இருந்தாள். அவள் உறுதி முழுவதும் வசனத்தில் இருந்தது. குலத் தலைவர்கள் கூடிய அறையில் எழுந்து நின்று பேசுவாள், எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிரதியில் பதில் இல்லை.

பதில் அவள் கல்யாணத்திலேயே இருக்கிறது. அவள் அப்பா ஜேம்ஸ் மெக்டொனால்ட், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரையிலும் ஆதிக்கம் வைத்திருந்தவர், 1565இல் ஷேன் ஓ'நீலிடம் தோற்று அவன் சிறையிலேயே இறந்தார். நான்கு வருஷம் கழித்து, 1569இல், ராத்லின் தீவில் அம்மாவுக்கும் மகளுக்கும் திருமணம். விதவையான அம்மா ஆக்னஸ் கேம்ப்பெல் டர்லக் லீனக் ஓ'நீலை மணந்தார், மகள் டிர்கொனலின் தலைவரான மூத்த ஹ்யூ ஓ'டோனலை. டிர்கொனல் என்பது கிட்டத்தட்ட இன்றைய டோனிகால் மாவட்டம். இரண்டு பேரும் சீதனமாகக் கொண்டுபோனது நகையல்ல, படை. தீவுகளிலிருந்து கூலிக்குப் போரிட வரும் ஸ்காட்டிஷ் வீரர்கள், ரெட்ஷாங்க் என்பார்கள், நூற்றுக்கணக்கில். கோடையில் வந்து சண்டை போட்டுவிட்டுக் குளிர்காலத்துக்கு முன் திரும்புகிறவர்கள் அதிகம், ஆனால் இனீன் டுவ்வோடு வந்தவர்களில் பலர் அவளோடேயே தங்கினார்கள், கணவரின் கட்டளைக்கு அல்ல, அவள் கட்டளைக்குப் பழகினார்கள்.

அந்த அறையில் அவள் பேச்சை மற்றவர்கள் கேட்டார்கள் என்றால் இதனால்தான் கேட்டிருப்பார்கள். வாசலுக்கு வெளியே அவள் ஆட்கள் நிற்கிறார்கள். இதை எழுத்தாளரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அந்தப் பேச்சை மூன்று பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகச் சுருக்கினார். காட்சி இன்னும் பயங்கரமாகிவிட்டது.

அடுத்தது வாரிசுச் சட்டம். இதைப் புரியவைக்காமல் அயர்லாந்துக் குலச் சண்டை எதையும் எழுத முடியாது என்று நான் நினைக்கிறேன். மூத்த மகனுக்கே பட்டம் என்ற வழக்கம் கேலிக் மொழி பேசிய அயர்லாந்துக் குலங்களில் கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தா வழியில் வந்த ஆண்களில் யார் வலுவானவரோ, யாருக்கு ஆதரவு அதிகமோ அவர் தலைவராகலாம். அப்படியென்றால் ஒவ்வொரு சித்தப்பாவும் ஒவ்வொரு அண்ணன் மகனும் ஒரு போட்டியாளர். தாயாக இருப்பவளுக்குத் தன் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே கணக்கு ஆரம்பித்துவிடும். சிவந்த ஹ்யூ 1572இல் பிறந்தான், அவனுக்கு முன்னால் மூத்த ஹ்யூவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த டோனல் இருந்தான், கணவரின் அண்ணன் கால்வாக்கின் மகன் இன்னொரு ஹ்யூ இருந்தான், கால்வாக்கின் பேரன் நீல் கார்வ் இருந்தான்.

1587இல் பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த சிவந்த ஹ்யூவை ராத்முல்லன் கரையில், மது வியாபாரக் கப்பல் என்று நம்பவைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அயர்லாந்தின் ஆங்கிலேய ஆளுநர் ஜான் பெரட்டின் திட்டம் அது. பையன் டப்ளின் கோட்டைச் சிறையில். கணவர் மூத்த ஹ்யூ தளர்ந்துவிட்டார். நாற்காலி காலியாகத் தெரிகிறது, எல்லோரும் நெருங்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது. கால்வாக்கின் மகன் ஹ்யூ 1588இல் ஃபாயில் ஆற்றங்கரையில் இருக்கும் அவளுடைய மோன்காவ்லின் கோட்டைக்கு வந்தான். அவளுடைய உறவினர் அலெக்சாண்டரின் சாவில் பங்கு உள்ளவன். அவள் தன் ஸ்காட்டிஷ் வீரர்களிடம் தன் குறையைச் சொன்னாள், அவர்கள் தந்த வாக்கை நினைவுபடுத்தினாள், அவர்கள் அவனைச் சூழ்ந்து அம்பாலும் துப்பாக்கியாலும் கொன்றார்கள். நான்கு ஆசிரியர்களின் ஏடு என்ற அயர்லாந்து வரலாற்றுத் தொகுப்பில் இது இருக்கிறது, ஒளிவுமறைவு இல்லாமல். பிரதியில் இது வீரர்கள் தாங்களாகச் செய்த காரியமாகவும், அவள் ஓடிவந்து தடுக்கப் பார்த்ததாகவும் மாறியிருந்தது. தன் வாசகிகள் அவளை நேசிக்க வேண்டும் என்றார் எழுத்தாளர். விருந்தினராக வந்தவனைக் கொன்றவளை யார் நேசிப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் சொன்னது இதுதான். அந்தக் கொலையை எடுத்துவிட்டால் அவள் உறுதியும் கூடவே போய்விடும். ஆண் தலைவர்கள் இதையே செய்தபோது நாம் தந்திரம் என்கிறோம், அரசியல் என்கிறோம், அவளுக்கு மட்டும் ஏன் மன்னிப்புத் தேடித் தருகிறோம்? தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வது அவளைக் காப்பாற்றுவது மாதிரி தோன்றும், ஆனால் அவள் முடிவு எடுத்தாள் என்பதையே பறித்துவிடுகிறது. அதற்காக அந்தச் சாவை அழகாக்கவும் வேண்டாம். வந்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அவனுக்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள், அதையும் எழுதுங்கள் என்றேன்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மனதை மாற்றியது என் வாதம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், 1590 தான். அந்த வருஷம் செப்டம்பர் 14 அன்று, டீலின் விரிகுடா அருகே டொரெ லெஹன் என்ற இடத்தில், தந்தையைத் தள்ளிவிட்டுத் தலைமையைப் பிடிக்க முயன்ற டோனலை அவளுடைய வீரர்களும் கூட்டாளிகளும் எதிர்த்து நின்று கொன்றார்கள். கணவரின் சொந்த மகன். இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு போட்டியாளர்கள். மகனோ இன்னும் சிறையில், உயிரோடு திரும்புவானா என்பதே தெரியாது. திரும்பி வராமல் போயிருக்கக்கூடிய ஒரு பிள்ளைக்காக இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாள். இதை வரிசையாக ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். அடுத்த வரைவில் மோன்காவ்லின் அத்தியாயம் முழுதாக மாறி வந்தது, அவளே பேசுகிறாள், அவளே காத்திருக்கிறாள், முடிந்ததும் உள்ளே போய் அன்றைய பால் கணக்கைக் கேட்கிறாள். அந்தப் பால் கணக்கு அவருடைய கற்பனை. மாடுதான் செல்வம் என்றிருந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான கற்பனை எனக்குத் தோன்றவில்லை.

1592 தொடக்கத்தில் மகன் தப்பி வந்தான். விக்லோ மலைப் பனியில் கூட வந்த ஆர்ட் ஓ'நீல் இறந்துபோனார், இவனுக்குக் கால் கட்டைவிரல்கள் போயின. அதே வருஷம் தந்தை விலக, மகன் தலைவரானான். இந்தப் பகுதியை எல்லோருமே நன்றாக எழுதிவிடுவார்கள், இவரும் எழுதியிருந்தார், நான் கை வைக்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதி அனுப்பினேன். நமக்குக் கிடைக்கும் இனீன் டுவ் பெரும்பாலும் ஓ கிளேரி குடும்பத்தார் எழுதிய இனீன் டுவ். அவர்கள் ஓ'டோனல்களின் பரம்பரை வரலாற்றாசிரியர்கள். அவளை நிதானமானவள், வீரனின் நெஞ்சு கொண்டவள் என்று புகழ்ந்தவர்கள் அவள் மகனின் பக்கம் நின்றவர்கள். நான்கு ஆசிரியர்களின் ஏடு 1632க்கும் 1636க்கும் இடையில் தொகுக்கப்பட்டது, அதற்குள் அந்த உலகமே போய்விட்டது. இழந்ததை நினைத்து எழுதியவர்கள் சிலரைக் கொஞ்சம் உயரமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் என் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

நாவல் 1602இல், சிவந்த ஹ்யூ ஸ்பெயினில் சிமான்காஸில் இறந்த செய்தி வருவதோடு முடிந்திருந்தது. நான் இன்னும் ஆறு வருஷம் போங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். 1607இல் இன்னொரு மகன் ரோரியும் அயர்லாந்தின் வட பகுதியான உல்ஸ்டரின் தலைவர்களும் ராத்முல்லனில் கப்பலேறி நாட்டை விட்டே போய்விடுகிறார்கள். அவள் போகவில்லை. 1608இல் ஓ'டோஹர்ட்டி என்ற குலத் தலைவர் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிறார், அதில் நீல் கார்வுக்குப் பங்கு உண்டு என்று ஆங்கிலேயரிடம் அவளே சாட்சி சொல்கிறாள். அவன் அவளுடைய மருமகன், மகள் நூவாலாவின் கணவன், ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டு சிவந்த ஹ்யூவுக்கு எதிராகப் போரிட்டவன். அவன் லண்டன் டவரில் அடைக்கப்பட்டு 1626இல் அங்கேயே இறந்தான். உல்ஸ்டரில் வெளியாட்களைக் குடியமர்த்த ஆங்கிலேயர் போட்ட குடியேற்றத் திட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் நிலமும் கிடைத்தது. படை போய்விட்டது, மகன்கள் போய்விட்டார்கள், மிச்சமிருந்தது ஒரு வாக்குமூலம், அதையும் அவள் பயன்படுத்தினாள். எதிரியின் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள் என்பதற்காக அவளைத் துரோகி என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, அவளை நியாயப்படுத்தவும் முடியவில்லை.

எழுத்தாளர் அந்த ஆறு வருஷத்தையும் சேர்த்துவிட்டார். அடுத்து நூவாலாவை எழுதப் போகிறாராம், கணவனை விட்டு விலகி 1607 கப்பலில் போனவள் அவள். ரோரியும் இன்னொரு சகோதரன் காஃபரும் ரோமில் புதைக்கப்பட்டிருக்கும் மொன்டோரியோ தேவாலயம் பற்றியும் அந்தக் கடல் பயணம் பற்றியும் இப்போதே குறிப்பு எடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.