கூரை போட்ட களம்

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

"வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா." தன் கலியாணத்தை ஒரு 'பார்ன்'இல், அதாவது பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றில், வைக்க வேண்டுமென்று கேட்டு ஒரு கிழமையாக மகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இருக்கிற லண்டன் ஹரோவிலிருந்து அதிக தூரமில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கிற ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமம். கலியாணத்துக்கு அந்த இடத்தைக் கேட்கப் போகவில்லை. 'பார்ன்' என்றால் என்னவென்று நான் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

அந்தச் சொல்லை அவள் முதலில் சொன்னபோது என் மனதில் வந்தது மாட்டுக் கொட்டில். மனைவிக்கும் அப்படித்தான். முப்பது வருடமாக நாங்கள் லண்டனில் போய்வந்த கலியாணங்கள் எல்லாம் பெரிய ஹோல்களில்தான் நடந்தன. நானூறு பேர், பூ மணவறை, வாசலில் நிறைகுடம். எங்கள் ஒரே பிள்ளைக்கும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தோம்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. 1426-27இல் கட்டியது. நீளம் 58 மீட்டர். இரண்டு பக்கமும் ஓக் மரத் தூண்கள், ஈரம் ஏறாதபடி ஒவ்வொன்றும் கல்லின் மேல் நிற்கிறது. நடுவே அகலமான வழி, மேலே இருட்டு. வின்செஸ்டர் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்த பண்ணையின் தானியத்தை வைப்பதற்காக இதைக் கட்டியிருக்கிறார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை 'மிடில்செக்ஸின் பேராலயம்' என்றாராம். எனக்கோ கோயில் மண்டபத்துக்குள் சப்பாத்தோடு வந்துவிட்டதுபோல இருந்தது. தலைக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன.

மருமகனாக வரப்போகிறவர் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதிப் பிள்ளை. அவருடைய தாத்தா கோதுமையும் பார்லியும் விதைத்தவர். அந்த வீட்டுப் பக்கம் பார்த்தால் இப்படி ஓர் இடத்தை அவர்கள் கேட்பது நியாயம்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "கொட்டில் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

2024 மே 11, சனி

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஓர் இடம் பார்த்தோம். பழைய மரத்துக்கு மேல் வெள்ளைப் பூச்சு, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர்கள் சமையல்காரர்தான் சமைக்க வேண்டும், வெளிச் சாப்பாடு கூடாது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. சத்தம் அளவுக்கு மேல் போனால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுமாம். நான் நாலு தரம் கை தட்டினேன், பச்சை விளக்கு மஞ்சளுக்குப் போய்விட்டது. தவில் அடித்தால் என்ன ஆகும்? தவிலுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் ஐயரின் ஒலிவாங்கி நின்றுபோகும். மகளே "சரி, போவம்" என்று சொல்லிவிட்டாள்.

2024 மே 18, சனி

இன்று இடம் பார்க்கப் போகவில்லை. சட்டத்தைப் பற்றி வாசித்தேன். இவ்வளவு பேர் ஏன் பண்ணைக் கட்டடங்களில் கலியாணம் செய்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படியான திருமணம் என்றால் முன்பு பெரும்பாலும் தேவாலயம், பதிவு பெற்ற வழிபாட்டிடம், அல்லது பதிவாளர் அலுவலகம்தான். அனுமதி பெற்ற வேறு கட்டடங்களிலும் பதிவுத் திருமணம் செய்யலாம் என்று 1994இல்தான் சட்டம் மாறியது. அதற்கு முன்பே பல பார்ன்கள் சும்மா கிடந்தன. இன்றைய அறுவடை இயந்திரங்களும் பெரிய டிரெய்லர்களும் அந்த வாசல்களுக்குள் நுழையாது. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடமென்றால் இடிக்கவும் விடமாட்டார்கள். கூரையைப் பழுதுபார்க்கக் காசு வேண்டும். கலியாணம் அந்தக் காசைக் கொண்டுவந்தது.

எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவாளர் நடத்துகிற சடங்கில் சமயம் கலக்கக் கூடாது. இப்படியான இடத்தில் ஐயர் நடத்துவதற்குச் சட்டப்படி மதிப்பு இல்லை. அதனால் பதிவை முன்கூட்டியே பதிவாளர் அலுவலகத்தில், இரண்டு சாட்சிகளோடு, அமைதியாக முடிப்பதென்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கும் 28 நாட்களுக்கு முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். தாலி கட்டுகிற நாள்தான் கலியாண நாள் என்று மகள் சொன்னாள். அதைக் கேட்க மனம் குளிர்ந்தது.

2024 ஜூன் 1, சனி

சஃபோக்கில், லேவன்ஹம் ஊர் தாண்டி, ஒரு பண்ணை. கறுப்புப் பலகைச் சுவர், சிவப்பு ஓடு, முன்னால் செங்கல் பதித்த முற்றம். முற்றத்தில் கோழிகள். சொந்தக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க பெண், சேற்றுச் சப்பாத்தோடு வந்து கை கொடுத்தார். நூறு வருடத்துக்கு மேலாகத் தங்கள் குடும்பம் இங்கே விவசாயம் செய்வதாகச் சொன்னார்.

உள்ளே போய் நடுவில் நின்றேன். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். வண்டில் உயரத்துக்கு இருந்தன. அந்த இடத்தில் மட்டும் தரை வேறு மாதிரி, தடித்த ஓக் பலகை. "இது எதற்கு?" என்று கேட்டேன். கதிரைப் பரப்பி அடித்த இடம் என்றார் அவர். இரண்டு தடிகளைத் தோல் வாரால் கட்டிய கோலால் குளிர்காலம் முழுக்க அடிப்பார்களாம். பிறகு இரண்டு கதவையும் திறந்து, குறுக்கே வருகிற காற்றில் தூற்றுவார்களாம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இது களம்! ஊரில், கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில், எங்கள் களம் வெட்டவெளியில் இருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்ததை வெட்டிச் சூடு (கதிர்க் குவியல்) வைத்து, வெயில் பார்த்து மிதிப்போம். ஐயா (என் அப்பா) காற்று வரும்வரை சுளகோடு காத்து நிற்பார். நெல் குவியத் தொடங்கியதும் "பொலி, பொலி" என்பார். இங்கே மழை விடாது, அதனால் களத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். வேறொன்றும் வித்தியாசமில்லை. களஞ்சியம் என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தது பாதிதான் சரி.

அப்புறம் அந்த அம்மா கைவிளக்கை ஒரு தூணில் பிடித்துக் காட்டினார். தச்சர் உளியால் வெட்டிய ரோம இலக்கங்கள். எந்த மரம் எதோடு பொருந்த வேண்டும் என்பதற்கான குறி. கொஞ்சம் மேலே, கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூ. மகள் உடனே "கோலம்" என்றாள். கதவுநிலைப் பக்கம் கண்ணீர்த் துளி வடிவில் சின்னச் சின்னக் கருகல்கள். தீபம் தவறிப் பட்டவை இல்லையாம், வேண்டுமென்றே சுட்ட அடையாளங்களாம். கட்டடத்தைத் தீயிலிருந்தும் தீயசக்தியிலிருந்தும் காக்கும் என்ற நம்பிக்கையில் சுட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கண்ணூறு படாமல் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் பொட்டு வைப்பதை அவருக்குச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

160 பேர் இருந்து சாப்பிடலாம். அதற்கு மேல் ஒருவர்கூட முடியாது.

2024 ஜூன் 9, ஞாயிறு

பட்டியலை மேசையில் வைத்தோம். 412 பெயர். 160இல் மாப்பிள்ளைப் பக்கத்து 50 பேரைக் கழித்தால் எங்களுக்கு 110 இடம்.

மனைவி பேனாவைத் தொடவே இல்லை. நான்தான் கோடு போட்டேன். மூன்று மணி நேரம் எடுத்தது, நெஞ்சு கனத்தது. எந்த வரவேற்புக்கும் தவறாமல் கூப்பிட்டு, நாமும் தவறாமல் போன குடும்பங்கள். மொய் எழுதிய கணக்கை வைத்துக் கோடு போடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இவர் இல்லாவிட்டால் மகள் இந்த நாட்டில் இப்படி வளர்ந்திருப்பாளா? 1991இல் ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தபோது, எனக்கும் பாய் போட இடம் விட்ட அண்ணரின் பெயர் பட்டியலில் முந்நூறுக்குப் பிறகு இருந்தது. அதை முதலாவதாக எழுதினேன்.

மச்சாள் தொலைபேசியில் அழாக் குறையாகப் பேசினார். "கூகை இருக்கிற இடத்திலயோ தம்பி கலியாணம் வைக்கப் போறியள்?" கூகை இருப்பது உண்மைதான், வயல் கரையில் அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உத்திரத்தில் வௌவாலும் உண்டு. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கூட்டில் இருக்கிற கூகையையும் தங்குமிடத்தில் இருக்கிற வௌவாலையும் கலைக்கக் கூடாது, அதனால் மேலே வெளிச்சம் அடிக்கவும் கூடாது. எலி தின்ன வருகிற கூகை கமக்காரனுக்கு நண்பன் என்று ஐயா சொல்வார், அதையே மச்சாளுக்கும் சொன்னேன். ஏற்றுக்கொள்ளவில்லை. வருவார் என்று நினைக்கிறேன்.

2024 ஜூன் 15, சனி

ஓமத் தீ வளர்ப்பது. எல்லாம் இதில்தான் தங்கியிருந்தது.

ஓக் மரக் கட்டடத்துக்குள் தீ மூட்டக் காப்புறுதி நிறுவனம் விடாது. கண்ணாடிக்குள் வைத்த மெழுகுதிரி மட்டும் சரி. நான் முதலில் மனமுடைந்துபோனேன். அக்கினி சாட்சி இல்லாமல் தாலி கட்டுவதற்கு நான் ஒப்ப மாட்டேன், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று மகளிடம் தெளிவாகச் சொன்னேன். அவளும் அதையே நினைத்திருந்தாள்.

ஐயரிடம் முற்றத்தின் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். நிதானமாகப் பார்த்தார். "முத்தத்தில செய்யிறது தானே பிள்ளையள் எங்கட வழக்கம். ஹோலுக்குள்ள போனது இங்க வந்து" என்றார். மணவறை முற்றத்தில், செங்கல் தரையில். ஓர் அடிச் செம்புக் குண்டம் போதும். மழை வந்தால் பக்கங்கள் திறந்த, தீப்பிடிக்காத துணிப்பந்தல். பண்ணைக்கார அம்மா காப்புறுதிக்காரரிடம் கேட்டுச் சொன்னார்: கட்டடத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பக்கத்தில் தீயணைப்பான், ஓர் ஆள் காவல். சரி என்றார்கள். மணமக்களை வாழ்த்தி அறுகரிசி தூவலாமா என்று கேட்டதற்கு, கோழிகள் தின்றுவிடும் என்றார்.

ஐயர் ஆவணியில் மூன்று நாள் குறித்துக் கொடுத்தார். அடுத்த வருடச் சனிக்கிழமைகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. வெள்ளிக்கிழமை ஒன்று இருக்கிறது. சனியைவிட 2,000 பவுண் குறைவு.

2024 ஜூன் 23, ஞாயிறு

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. வெளிச் சமையல் கொண்டுவரலாம். லண்டன் சமையல்காரரிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறது. சோறு அங்கேயே வடிப்பார், வாழையிலை எங்கள் பொறுப்பு. மணவறைக்காரர் எங்கும் ஆணி அடிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பஸ்தான் கவலை. பண்ணைக்குப் போகிற ஒழுங்கை ஒடுக்கம், 53 இருக்கைப் பஸ் திரும்பாது. சின்னப் பஸ் மூன்று. ஹரோவிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் வயதானவர்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். முகூர்த்தத்தை 11 மணிக்குப் பிறகு வைத்துத் தரும்படி ஐயரைக் கேட்டிருக்கிறேன். ஈஸ்ட்ஹாம் அண்ணருக்கு இப்போது நடக்க முடியாது. சக்கர நாற்காலிக்கு முற்றத்தில் ஒரு சரிவுப் பலகை போட்டுத் தருவதாகப் பண்ணைக்கார அம்மா சொன்னார். கேட்காமலே சொன்னார்.

2024 ஜூலை 6, சனி

முற்பணம் கட்டினோம். இரண்டு வீட்டாரும் பண்ணையில் சந்தித்தோம். என் மனைவி இன்றுதான் முதல் தடவையாக உள்ளே போனாள். இரண்டு கதவையும் திறந்துவிட்டார்கள், காற்று குறுக்கே போனது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "வயல் மணக்குது" என்றாள்.

மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு 86 வயது. முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். கலியாணத்துக்கு ஊன்றுகிற கன்னிக்கால் என்றால் என்னவென்று விளக்கினேன். ஊரில் முள்முருக்கந் தடி ஊன்றுவோம், அது வேர் பிடித்துத் தளிர்ப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், இங்கே முருக்கு இல்லை, லண்டனில் எல்லோரும் ஏதோ ஒரு கிளையைப் பூச்சாடியில் குத்திவைப்பார்கள், சடங்கு முடிந்ததும் அது காய்ந்துபோகும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். வாய்க்கால் கரையில் நின்ற வில்லோ மரங்களைக் கைத்தடியால் காட்டினார். கிரிக்கெட் மட்டை செய்கிற மரம். வேரில்லாத வெறுந் தடியை மண்ணில் ஊன்றினாலே பிடித்துவிடும், இந்தப் பக்கத்தில் தோட்டம் தோட்டமாக அப்படித்தான் நடுகிறார்கள் என்றார். ஆனால் ஆவணியில் வெட்டக் கூடாதாம். இலை இல்லாத காலத்தில் வெட்டித் தொட்டியில் ஊன்றிவைத்தால் கலியாணத்துக்குத் தளிரோடு நிற்கும், பிறகு பிள்ளைகள் வேண்டிய இடத்தில் நடலாம்.

அப்படியென்றால் எங்கள் மாசி மாதம் என்றேன். அது எப்போது என்று கேட்டார். பெப்ரவரி நடுவில் தொடங்கும் என்றேன். தடி வெட்ட அதுதான் நேரம், தான் வெட்டி வைப்பதாகச் சொன்னார்.