அறுபது முடிஞ்ச அன்னிக்கு நான் கனாசவால இருந்தேன்

எனக்கு அறுபது முடிஞ்சிருச்சு. பிறந்தது 1965 நவம்பர் 1, விசுவாவசு வருஷம், அறுபது முடிஞ்ச 2025-ல நடந்ததும் அதே விசுவாவசுதான். நம்ம வீடுகள்ல ஆம்பளைக்கு அறுபது முடிஞ்சா சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு திருக்கடையூர் போய், கலசம் வச்சு, தண்ணி ஊத்தி, மறுபடியும் தாலி கட்டி ஒரே அமர்க்களமா இருக்கும், எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் பண்ணோம், நானும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன், மனசு நிறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா பொம்பளைக்கு அறுபது முடியுறத தனியா ஒரு விசேஷமா யாரும் எடுத்துக்குறதில்ல. எங்க அம்மாவுக்கு முடிஞ்ச அன்னிக்கு அவங்க வழக்கம்போல காலைல எந்திரிச்சு இட்லி ஊத்தி வச்சாங்க, நாங்க சாப்பிட்டு வேலைக்குப் போனோம், அவ்ளோதான். எனக்கும் அப்படியே போயிருக்கும். போகாம பண்ணது ஜப்பான்ல முன்னப்பின்ன தெரியாத சில பாட்டிங்க.

பொண்ணு கனாசவால வேலை பாக்குறா. டோக்கியோல இருந்து ஷிங்கன்சென்ல ஏறுனா ரெண்டரை மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுருது, 2015-ல தான் அந்த ரயிலே அந்த ஊருக்கு வந்துச்சாம். ரெண்டாம் உலகப் போர்ல அங்க குண்டு விழல, அதனால பழைய மர வீடு, மண் சுவரு, குறுகலான தெருன்னு நெறைய அப்படியே நிக்குது. ஜப்பான்ல கோயிலுக்கும் புத்தருக்கும் ஒட்டுற தங்க ரேக்கு கிட்டத்தட்ட மொத்தமும் இந்த ஊர்லதான் அடிக்கிறாங்க. பாக்க வேண்டிய இடம்னு சொல்றதுல பாதி இடத்துக்கு நான் போகவே இல்ல, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவ வேலைக்குப் போனதுக்கப்புறம் தெருவுல நடக்குறது, சூப்பர் மார்க்கெட்ல சாயங்காலம் விலை குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டுற நேரமாப் பாத்துப் போறது, எந்தக் குப்பைய எந்தக் கிழமை வெளிய வைக்கணும்னு சுவத்துல மாட்டியிருக்க காலண்டரப் பாத்துப் பிரிச்சு வைக்கிறதுன்னு ஒரு வீட்டு மனுஷியா இருந்தேன்.

காலைல ஆறரைக்கு எதிர்ல இருக்க சின்ன பார்க்ல ஒரு பதினைஞ்சு பேர் கூடுவாங்க, எல்லாரும் வயசானவங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க. நடுவுல ஒரு ரேடியோ. பியானோ சத்தம் வந்ததும் எல்லாரும் கைய தூக்குறாங்க, குனியுறாங்க, குதிக்கிறாங்க. ரேடியோ தைசோன்னு பேரு, 1928-ல ஆரம்பிச்சது, போர் முடிஞ்சதும் கொஞ்ச காலம் நின்னுபோய், 1951-ல புதுசா அமைச்சது தான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. மொத்தமே மூணு நிமிஷம்தான், பதிமூணு அசைவு. சின்னப் பிள்ளைல ஸ்கூல்ல பழகுனது எம்பது வயசுலயும் அவங்க உடம்புல அப்படியே இருக்கு, கைய ஆட்டுறதப் பாத்தாலே தெரியும். நான் மொதல்ல ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம் கீழ இறங்கிப் போய் கடைசி வரிசைல நின்னுக்கிட்டேன். யாரும் நீ யாருன்னு கேக்கல. கொஞ்சம் தள்ளி நின்னு எனக்கு இடம் விட்டாங்க, முடிஞ்சதும் தலைய குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுக் கலைஞ்சாங்க.

பேச்சு ஆரம்பிச்சது குளிக்கிற இடத்துல. தெருவுக்குப் பின்னாடி ஒரு செந்தோ இருக்கு, ஊர்ப் பொதுக் குளியல் வீடு, பொம்பளைங்களுக்குத் தனி, ஆம்பளைங்களுக்குத் தனி. உள்ள போனா துணி எதுவும் கிடையாது, யாருக்குமே. பொண்ணு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்போ ரெண்டு நாள் யோசிச்சேன், அறுபது வருஷம் உடம்ப மறைச்சே பழகின நமக்கு அது லேசுப்பட்ட விஷயம் இல்ல. மொதல்ல சின்ன ஸ்டூல்ல உக்காந்து தலைல இருந்து கால் வரைக்கும் சோப்புப் போட்டு நல்லா கழுவணும், அதுக்கப்புறம்தான் தொட்டிக்குள்ள இறங்கணும், துண்டு தண்ணில படக்கூடாது, அதனால மடிச்சு தலை மேல வச்சுக்குறாங்க. தண்ணி நல்லா கொதிக்கக் கொதிக்க இருக்கு. உள்ள உக்காந்ததும் சுத்திப் பாத்தேன், தொங்குன மார்பு, சுருங்குன வயிறு, முட்டில ஆபரேஷன் பண்ண தழும்பு, கூன் விழுந்த முதுகு, ஒருத்தர் கூட அதப் பத்திக் கவலைப்படல. எனக்கு சிசேரியன் தழும்பு இருக்கு, எதிர்ல உக்காந்திருந்த அம்மாவுக்கும் அதே இடத்துல ஒண்ணு இருந்துச்சு. அந்த நிமிஷத்துல எனக்குள்ள இருந்த கூச்சம் மொத்தமும் போயிருச்சு, இத நான் பெருசா சொல்றதுக்குக் காரணம், இத்தன வயசுல என் உடம்ப நானே நிம்மதியா பாத்தது அன்னிக்குத்தான்.

அந்த அம்மாதான் பார்க்ல ரேடியோ கொண்டு வர்றவங்க. என்ன அடையாளம் கண்டுக்கிட்டு, கைய உயர்த்தி தைசோ மாதிரி ஆட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. பொண்ணு நடுவுல இருந்து பேசினா. அவங்களுக்கு 82 வயசு. எனக்கு எவ்ளோன்னு கேட்டாங்க, சனிக்கிழமை அறுபது முடியுதுன்னு இவ சொன்னா, உடனே அவங்க பக்கத்துல இருந்தவங்ககிட்ட திரும்பி கன்ரெக்கி, கன்ரெக்கின்னு சொல்ல, தொட்டிக்குள்ள இருந்த எல்லாரும் ஓஓன்னு சந்தோஷமா சத்தம் போட்டாங்க. அப்புறம் அவங்க என்ன திரும்பி உக்காரச் சொல்லி, என் முதுகத் தேச்சு விட்டாங்க. எங்க அம்மாவுக்கப்புறம் என் முதுகு தேச்சு விட்டது அவங்கதான்.

கன்ரெக்கின்னா அறுபது நிறைவு, அவங்க ஊர் சஷ்டியப்தபூர்த்தின்னே சொல்லலாம். நமக்கு பிரபவல ஆரம்பிச்சு அட்சயல முடியுற அறுபது வருஷம். குரு ஒரு சுத்து வர பன்னெண்டு வருஷம், சனிக்கு முப்பது, ரெண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர அறுபது ஆகும்னு பெரியவங்க சொல்வாங்க. அங்க வருஷத்துக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு மிருகம், அதோட மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணின்னு அஞ்ச ரெண்டு ரெண்டா பிரிச்சு பத்து, பன்னெண்டும் பத்தும் ஒண்ணா மறுபடி ஒத்துப் போறதுக்கு அதே அறுபது வருஷம். 1965 மரப் பாம்பு வருஷம், 2025-ம் மரப் பாம்பு. ரெண்டு ஊர்லயும் ஒரு ஆயுசுச் சக்கரம் முடிஞ்சு மறுபடி பிறந்த மாதிரின்னுதான் கணக்கு. குழந்தைக்குத் தீங்கு அண்டக்கூடாதுன்னு முன்ன செவப்புத் துணி போட்டு வளத்தாங்களாம், அதனால அறுபது முடிஞ்சவங்களுக்கும் செவப்புதான் போட்டு விடுவாங்க. எனக்கு மனசுல நின்னது வேற, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணுபோலவே நடக்குது. அவங்கவங்க வயசு, அவங்கவங்களுக்கு விசேஷம். புருஷன் வயசுக் கணக்குல ஒட்டிக்கிட்டு இல்ல.

சனிக்கிழமை காலைல பார்க்குக்குப் போனேன். தைசோ முடிஞ்சதும் யாரும் கலையல. அந்த அம்மா பைல இருந்து ஒரு துணி மூட்டைய எடுத்துப் பிரிச்சாங்க, பூச்சி உருண்டை வாசம் அடிச்சுது. செவப்புல ஒரு கையில்லாத கோட்டு, உள்ள பஞ்சு வச்சுத் தச்சது, மேல கொக்கும் ஆமையும் போட்ட டிசைன், கூடவே மேல உப்பலா இருக்க ஒரு செவப்புத் தொப்பி. அவங்க கன்ரெக்கிக்கு அவங்க பிள்ளைங்க போட்டுவிட்டதாம். அவங்க வாஜிமாக்காரங்க, 2024 புத்தாண்டு சாயங்காலம் நோட்டோ தீபகற்பத்துல 7.6 அளவுல வந்துச்சே நிலநடுக்கம், அதுல வீடு போயிருச்சு, அதுக்கப்புறம்தான் கனாசவால பையன் வீட்டுக்கு வந்திருக்காங்க. இடிஞ்ச வீட்டுல இருந்து எடுக்க முடிஞ்ச கொஞ்சநஞ்ச சாமான்ல இதுவும் ஒண்ணு. அத எனக்குப் போட்டு விட்டு, முன்னாடி நாடாவக் கட்டி, தோள்ல ரெண்டு தட்டுத் தட்டி நேரா நிக்க வச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, அவங்க காலத் தொட்டுக் கும்புட்டேன். அங்க அந்த வழக்கமே கிடையாது, ஆனா அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு, என் தலைல கைய வச்சாங்க.

அப்புறம் பொண்ணும் நானும் கென்ரோக்குஎன் தோட்டத்துக்குப் போனோம். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1 அன்னிக்குத்தான் அங்க மரங்களுக்குக் கயிறு கட்ட ஆரம்பிக்கிறாங்க, என் பிறந்த நாளுக்கு இப்படி ஒரு வேலை அமைஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பக்கத்துப் பனி ஈரப்பனி, கனமா இருக்கும், கிளை மேல சேர்ந்துச்சுன்னா ஒடிச்சுரும். அதனால மரத்த ஒட்டி உயரமா கம்பம் நட்டு, உச்சில இருந்து வைக்கோல் கயித்த குடை விரிக்கிற மாதிரி நாலாபக்கமும் இறக்கி, ஒவ்வொரு கிளையையும் தூக்கிக் கட்டிருவாங்க. மொதல்ல கராசாக்கி பைன் மரம், அதுக்கு மட்டும் அஞ்சு கம்பம், எண்ணூறு கயிறு கிட்ட. தோட்டக்காரர் உச்சில நின்னு கயித்த வீசுறாரு, அது சுருள் அவுந்து காத்துல நீளமா வந்து விழுது, கீழ இருக்கவர் பிடிச்சு, கிளையக் கைல தாங்கிப் பாத்து, எவ்ளோ இழுக்கணுமோ அவ்ளோ மட்டும் இழுத்து முடிச்சுப் போடுறாரு. வயசான மரத்துக்கு எவ்ளோ மரியாதை! ஒரு மணி நேரம் அங்கயே நின்னுட்டோம்.

மத்தியானம் செக்கிஹான் சாப்பிட்டோம். ஒட்டுற அரிசியயும் செவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறையும் சேத்து ஆவில வேக வச்சு, மேல கறுப்பு எள்ளும் உப்பும் தூவினது, பயறு வேக வச்ச தண்ணிலயே சோறு செவந்து இருக்கும், நல்ல நாள்னா அங்க இதுதான். மீன் கலக்காத சாப்பாடா தேடி அலையுற எனக்கு அது அமிர்தம். பார்க்ல இருந்த இன்னொரு பாட்டி வீட்டுலயே செஞ்சு டப்பால குடுத்து விட்டிருந்தாங்க, சின்ன காகிதத்துல வாழ்த்து எழுதி மேல ஒட்டியிருந்துச்சு.

ராத்திரி அவருக்கு வீடியோ கால் போட்டேன். செவப்புக் கோட்டுல எடுத்த போட்டோவ ஏற்கனவே பொண்ணு அனுப்பியிருந்தா. நடந்ததெல்லாம் கேட்டவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம், "எனக்குப் பண்ணப்போ உனக்கும் சேத்துதான்னு நெனச்சுட்டேம்மா"ன்னாரு. நான் சொன்னேன், "சேத்துப் பண்ணது சேத்து, எனக்குன்னு இருக்கறது எனக்குங்க."

ஊருக்குத் திரும்பி வந்தப்போ என் நட்சத்திரத்துக்கு ஆயுஷ் ஹோமம் பண்ண ஐயர்கிட்ட அவரே போய்ப் பேசி நாள் குறிச்சு வச்சிருந்தாரு. என் நாத்தனாருக்கு விசுவாவசுக்கு அடுத்த வருஷம், பராபவல, அறுபது முடியுது. அவளுக்கு நாங்க ரெண்டு பேரும் முன்ன நின்னு செய்யுறதா பேசியாச்சு, செவப்புல ஒரு பட்டும் எடுத்து வச்சுட்டேன்.