ஒரே திகதி, வேறு வேறு ஆண்டு: பொது அறிவுப் பரீட்சைக்கு நாட்களைப் படிக்கும் முறை

போட்டிப் பரீட்சைக்குப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் வரலாற்றை ஆண்டுப் பட்டியலாகத்தான் மனனம் செய்கிறார்கள்: 1505, 1658, 1796, 1815, 1833, 1948, 1972, 1978. பட்டியல் தேவைதான். ஆனால் "பெப்ரவரி 4ஆம் திகதியுடன் தொடர்பற்றது எது?" என்று ஒரு பல்தேர்வு வினா வந்தால் அது கைகொடுக்காது. ஆண்டு தெரியும், மாதம் தெரியாது. மாதம் தெரிந்தால் நாள் தெரியாது. இதற்கு மாற்றாக, காலையில் வட்ஸ்அப்பில் வரும் "வரலாற்றில் இன்று" பதிவுகளைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. ஒரு நாளுக்கு இருபது முப்பது நிகழ்வு. அதில் பாதி எங்கோ உள்ள நடிகர்களின் பிறந்தநாள். வாசித்த மறுநாள் ஒன்றும் மிஞ்சாது.

ஏற்கனவே தெரிந்த நாளிலிருந்து தொடங்குவதே வழி. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு டிசெம்பர் 26ஐச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நவம்பர் 23 என்றால் 1978 சூறாவளி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். ஜூலை 19 விபுலானந்த அடிகளின் நினைவு நாள் என்பது பாடசாலையிலேயே பழகியது. இப்படி நம்மிடம் உள்ள நாட்கள்தான் கொளுக்கிகள். உலக நிகழ்வுகளை அவற்றில் மாட்ட வேண்டும்.

ஜூலை 19ஐயே எடுத்துச் செய்து பார்ப்போம். ஒரு ஏ4 அளவு பிறிஸ்டல் போட்டை நான்காக வெட்டினால் நான்கு அட்டை. முன்பக்கத்தில் "ஜூலை 19" என்று மட்டும் பெரிதாக எழுதுங்கள். பின்பக்கம் இடது ஓரத்தில் ஆண்டு, அடுத்து ஆறேழு சொல்லுக்குள் நிகழ்வு, கடைசியில் இடம். ஆண்டை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரே நாள் என்பதால் நிகழ்வுகள் மனத்தில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆண்டுகள்தான் ஒன்றுக்கொன்று இடம் மாறிப்போகும். அட்டைக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

1870: பிரான்ஸ் பிரஷ்யா மீது போர்ப் பிரகடனம். 1947: விபுலானந்த அடிகள் மறைவு. 1947: ஆங் சான் படுகொலை, ரங்கூன். 1969: இந்தியாவில் 14 வங்கிகள் தேசியமயம். 1980: மொஸ்கோ ஒலிம்பிக் தொடக்கம்.

இரண்டாம், மூன்றாம் வரிகளில் நாள் மட்டுமன்றி ஆண்டும் ஒன்றே. காரைதீவில் பிறந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் அடிகள். யாழ் நூல் அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்தார். சமாதி கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் இருக்கிறது. அதே நாளில் ரங்கூனில் பர்மியச் சுதந்திரப் போராட்டத் தலைவரான 32 வயது ஆங் சானும் சகாக்களும் கூட்டத்தில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆங் சான் காணாத பர்மியச் சுதந்திரம் 1948 ஜனவரி 4இல் வந்தது. இலங்கைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 4. ஆக ஜூலை 19 அட்டை உங்களைப் பெப்ரவரி 4 அட்டைக்குக் கொண்டுபோய் விடுகிறது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடிகிற அட்டைதான் நிலைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடிகள் பிறந்த மாவட்டம் எது என்று கேட்டால் இன்றைய கணக்குப்படி அம்பாறை. ஆனால் அவர் பிறந்தபோதும் மறைந்தபோதும் அம்பாறை மாவட்டமே இல்லை. 1961இல்தான் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. இதுபோன்றவற்றை அட்டையின் அடியில் சிவப்புப் பேனையால் ஒரே வரியில் எழுதுங்கள். அதற்குக் குழப்ப வரி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஐந்து வரியை விட இந்த ஒரு வரிதான் புள்ளி தரும்.

அடுத்து ஏப்ரல் 9. கிழக்குக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை கிடையாது. 1942இல் அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸை மூழ்கடித்தன. அதே நாள் பிலிப்பைன்ஸில் பட்டான் தீபகற்பத்திலிருந்த அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் ஜப்பானிடம் சரணடைந்தன. அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுக்கு முன், 1940இல், ஜேர்மனி டென்மார்க்கினுள்ளும் நோர்வேயினுள்ளும் புகுந்தது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரல் லீ சரணடைந்தார். 2022இல் காலிமுகத்திடல் போராட்டம் தொடங்கியது.

குழப்ப வரி இங்கே இரண்டு. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் ஹேர்மிஸ். ஆனால் முதலில் கட்டிமுடிந்து சேவைக்கு வந்தது ஜப்பானின் ஹோஷோ. வினாவில் "வடிவமைக்கப்பட்ட" என்று இருக்கிறதா, "சேவையில் இணைந்த" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கொழும்பு மீதான ஜப்பானியத் தாக்குதல் ஏப்ரல் 9 அல்ல, ஏப்ரல் 5; அன்று உயிர்த்த ஞாயிறு. 2019இல் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டு வெடித்ததும் உயிர்த்த ஞாயிறுதான், ஆனால் திகதி ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறும் வெசாக்கும் நோன்புப் பெருநாளும் தீபாவளியும் ஆண்டுக்கு ஆண்டு நகர்பவை. பண்டிகைப் பெயரை வைத்து நாளை ஊகித்தால் பிழையாகிவிடும்.

2022ஐப் பொறுத்தவரை 9ஆம் திகதிகள் வரிசையாக வரும்: ஏப்ரல் 9 காலிமுகத்திடல், மே 9 பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகல், ஜூலை 9 ஜனாதிபதி மாளிகை முற்றுகை. கோட்டாபய விலகல் கடிதம் அனுப்பியது மட்டும் இந்த வரிசையில் இல்லை. அது ஜூலை 14, பிரான்ஸின் பஸ்தில் நாள்.

மே 18 அட்டையில் 2009ஐ யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. அதற்கு மேலே எழுத வேண்டியது 1638: மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய நாள். ஐந்து நாள் கழித்து மே 23இல் இரண்டாம் இராஜசிங்கனுடன் உடன்படிக்கை. கோட்டை விழுந்த நாளையும் ஒப்பந்த நாளையும் மாற்றி எழுதுவது வழக்கமான தவறு.

ஒரே நாளில் இரு நிகழ்வு வந்தால் அது தற்செயலா, வேண்டுமென்றே தெரிந்தெடுத்ததா என்று பக்கத்தில் ஓர் எழுத்தால் குறியுங்கள். த என்றால் தற்செயல், தெ என்றால் தெரிந்தெடுத்தது. அடிகளும் ஆங் சானும் த. ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதியானது 1978 பெப்ரவரி 4. சுதந்திர தினத்தைப் பார்த்து வைத்த நாள், ஆகவே தெ. அந்த ஆண்டின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது செப்டெம்பர் 7 என்பதைக் குழப்ப வரியில் போடுங்கள். ஜனாதிபதி முன்னே, அரசியலமைப்பு பின்னே. சிறுவர் உரிமைப் பிரகடனம் 1959 நவம்பர் 20, சிறுவர் உரிமைச் சமவாயம் 1989 நவம்பர் 20: இதுவும் தெ. "ஜூன் 5 ஏன் சுற்றாடல் தினம்?" என்பது போன்ற வினாவுக்கு இந்தக் குறியீடுதான் விடை தரும்: 1972இல் ஸ்டொக்ஹோம் மாநாடு தொடங்கிய நாள் அது. ஏப்ரல் 7 சுகாதார தினம், 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு நடைமுறைக்கு வந்த நாள். ஐக்கிய நாடுகள் தினம் ஒக்டோபர் 24. சாசனத்தில் கையொப்பமிட்ட 1945 ஜூன் 26 அல்ல, அது நடைமுறைக்கு வந்த நாள்.

தமிழ்நாட்டு வழிகாட்டி நூல்களை வாங்கிப் படிப்பவர்கள் இந்தப் பகுதியில் கவனமாக இருக்க வேண்டும். நூல் நல்லதுதான், நாடு வேறு. ஆசிரியர் தினம் அங்கே செப்டெம்பர் 5, உலக அளவில் ஒக்டோபர் 5, இலங்கையில் ஒக்டோபர் 6. சிறுவர் தினம் இந்தியாவில் நவம்பர் 14, ஐக்கிய நாடுகள் கணக்கில் நவம்பர் 20, நமக்கு ஒக்டோபர் 1. எண்ணும் முறையும் வேறு. இந்தியா 1947ஐயே முதலாவது சுதந்திர தினமாக எண்ணுவதால் 2022 ஓகஸ்ட் 15 அங்கே 76ஆவது சுதந்திர தினம். இலங்கையில் 2023 பெப்ரவரி 4ஐ 75ஆவது என்றே கொண்டாடினோம். நிறைவடைந்த ஆண்டா, கொண்டாட்டத்தின் எண்ணிக்கையா என்று பார்த்துவிட்டுக் கழித்தல் போடுங்கள்.

நேர வித்தியாசத்தால் திகதி மாறுவதைப் பலர் யோசிப்பதே இல்லை. அப்பொலோ 11 சந்திரனில் இறங்கியது 1969 ஜூலை 20. அப்போது இலங்கையில் 21ஆம் திகதி அதிகாலை 1.47. பரீட்சையில் 20 என்றே எழுத வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு 20–21 சிக்கல்: 1960 ஜூலை 20 பொதுத் தேர்தல், 21இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர். அவர் அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை, செனற் சபை வழியாக வந்தவர் என்பதும் அடிக்கடி கேட்கத்தக்கது. 2004 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் சர்வதேச நேரம் 00.58, இன்றைய ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 6.28 வரும், அது பிழை. 2006 ஏப்ரல் வரை இலங்கை ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது, எனவே 6.58.

பழைய நாட்காட்டிச் சிக்கலுக்கு இரண்டு உதாரணம் போதும்: ரஷ்ய "ஒக்டோபர்" புரட்சி 1917இல் அவர்கள் கணக்கில் ஒக்டோபர் 25, நம் கணக்கில் நவம்பர் 7. ஷேக்ஸ்பியர் இறந்த 1616 ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி. ஸ்பெயின் அப்போதே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஷேக்ஸ்பியரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற கூற்று வந்தால் தவறு என்று குறியுங்கள்.

எத்தனை அட்டை? 366 நாளுக்கும் செய்யப்போகிறவர் பெப்ரவரியைத் தாண்டமாட்டார். 60 போதும்: உள்நாட்டு நாட்கள் 25, சர்வதேச தினங்கள் 20, மிகுதி உலக வரலாறு. நாளுக்கு மூன்று புதிய அட்டை எழுதி, பழையதில் பத்தைப் புரட்டினால் 20 நாளில் முடியும். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வகுப்புக்குப் போய்வருபவர்களுக்கு பஸ்ஸிலேயே அந்தப் பத்தும் முடிந்துவிடும்.

புரட்டும்போது ஒரே திசையில் கேட்டுக்கொள்ளாதீர்கள். முதற் சுற்று: நாளைப் பார்த்து நிகழ்வு சொல்லுதல். இரண்டாம் சுற்று: ஒருவர் நிகழ்வை வாசிக்க மற்றவர் ஆண்டைச் சொல்லுதல். மூன்றாம் சுற்றுதான் கடினம்: நான்கு அட்டையிலிருந்து ஒவ்வொரு வரி எடுத்து, நாளை மறந்து, ஆண்டு வரிசையில் அடுக்குதல். "காலவரிசைப்படுத்துக" வினாவில் நாளும் மாதமும் கண்ணைக் கட்டிவிடும். ஜனவரி நிகழ்வை முதலில் வைக்கக் கை தானாகப் போகும்.

பொருத்துக வினாவில் தெ குறியிட்டவற்றை முதலில் பொருத்துங்கள், காரணம் தெரிந்தவை தவறாது. மிஞ்சும் இரண்டு மூன்றில் தற்செயல் நாட்கள் வரும். அவற்றை நீக்கல் முறையில் முடிக்கலாம். பரீட்சைக்கு முதல் நாள் புதிய அட்டை எழுத வேண்டாம். சிவப்பு வரிகளை மட்டும் வாசியுங்கள், 60 அட்டைக்கும் அரை மணி நேரம் போதும்.