லிட்டில் கிட்டிங்: முதலில் ஆலயம், அப்புறம் வீடு

இங்கிலாந்தின் ஹன்டிங்டன்ஷயர் பகுதியில், வயல்களுக்கு நடுவே இருக்கும் லிட்டில் கிட்டிங்கை ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பண்ணை, சில வீடுகள், ஒரு குட்டி ஆலயம். நான் போனது அந்த ஆலயத்துக்காகத்தான். உண்மையில், மேரி ஃபெரர் என்கிற ஒரு தாய்க்காக.

1625-இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா தன் மகன் நிக்கலஸ் இருந்த இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆலயம் வைக்கோல் கிடங்காகவும் பன்றித் தொழுவமாகவும் கிடந்தது. ஜெபிக்கப் போனவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே முழங்காலிட்டார். வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, முதலில் ஆலயத்தைச் சுத்தம் செய்ய வைத்தார். தங்க இருந்த வீடோ பாழடைந்து கிடந்தது!

1626-இல் நிக்கலஸ் உதவிக்குருவாக அபிஷேகம் பெற்றார். அண்ணன், அக்கா, அவர்கள் பிள்ளைகள் என்று குடும்பம் முழுவதும் ஜெப வாழ்க்கைக்குள் வந்தது. மணிக்கு மணி முறைவைத்து, பைபிளின் துதிப்பாடல்களான 150 சங்கீதங்களையும் தினமும் ஓதி முடித்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்து, ஒன்றை மனப்பாடம் செய்தால் ஒரு பென்னி. ஞாயிறன்று மதியச் சாப்பாடும் உண்டு. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

1637-இல் இறந்த நிக்கலஸின் கல்லறை ஆலய வாசலுக்கு நேர் எதிரே, நடைபாதையிலேயே இருக்கிறது. வெறும் கல். அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். இப்போதுள்ள முகப்பு 1714-இல் கட்டியது. கதவுக்கு மேலே, பைபிளில் யாக்கோபு என்பவர் பெத்தேல் என்ற இடத்தில் சொன்ன வார்த்தை: "இது தேவனுடைய வீடேயல்லாமல் வேறல்ல, இது வானத்தின் வாசல்."

உள்ளே இருக்கைகள் பீடத்தைப் பார்த்து இல்லை. இரண்டு சுவரோரமும் எதிரெதிராக. ஒரு பக்கம் ஒரு வசனம் சொன்னால் மறுபக்கம் அடுத்ததைச் சொல்லத் தோதான அமைப்பு. 121-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன். சின்ன இடம் என்பதால் குரல் எங்கும் சிதறவில்லை.

அப்புறம், சில மைல் தூரத்தில் உள்ள லேய்டன் ப்ரோம்ஸ்வோல்டு ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஃபெரர் குடும்பத்தின் உதவியோடு புதுப்பித்தது அது. பிரசங்க மேடையும் ஜெபம் வாசிக்கும் மேடையும் அங்கே ஒரே உயரத்தில் நிற்கின்றன. பிரசங்கத்துக்கு ஜெபம் ஒரு படியும் தாழ்ந்ததல்ல என்று அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தாராம்.